கூச்சத்துக்கு வரிக்கழிவு இல்லை

1987இல் டென்மார்க்கின் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், ஈழத்தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார். விசாரணை அறிக்கை வெளிவந்ததும், 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் நின்-ஹான்சன் குற்றவாளி என்று தீர்ப்பானது. தமிழனின் கோப்பைத் தூங்க வைத்ததற்காக ஒரு பிரதமரின் நாற்காலி போன நாடு இது! இங்கே வாழ்ந்துகொண்டு உங்கள் கோப்பை நீங்களே தூங்க வைக்கலாமா?

எந்தக் கோப்பு என்கிறீர்களா? சமையலறை லாச்சிக்குள், பழைய பில்களுக்கு அடியில் மடிந்து கிடக்கிறதே, பயிற்சிக் கட்டண ரசீது. அதுதான்.

“நான் நிரந்தர வேலையாள் இல்லையே, எனக்கு எங்கே வரிக்கழிவெல்லாம்?” இந்த ஒரு வசனத்தை முதலில் நாக்கிலிருந்து துடையுங்கள். ஆறு மாத ஒப்பந்தம் என்றாலும் உங்கள் சம்பளத்தில் வரி வெட்டும்போது யாராவது தயங்கினார்களா? வரி கட்டுவதில் முழு மனிதர், கழிவு கேட்பதில் மட்டும் அரை மனிதரா?

1922ஆம் ஆண்டின் அரச வரிச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. வருமானத்தைத் தேட, காக்க, நிலைநிறுத்தச் செய்த செலவைக் கழிக்கலாம் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. நூறு வருடம் தாண்டிய வாசகம்! கையிலுள்ள தொழிலறிவைப் புதுப்பிக்கும் பயிற்சி இதற்குள் வரும். காலாவதியாகப் போகும் சான்றிதழுக்காகத் திரும்பப் பரீட்சை எழுதும் வெல்டிங் தொழிலாளியையும், மருத்துவச் சொற்களைப் படிக்க வகுப்புக்குப் போகும் மொழிபெயர்ப்பாளரையும் நினைத்துப் பாருங்கள். தொழிலுக்குள் நுழையுமுன் படிக்கும் அடிப்படைப் படிப்பு பொதுவாக இதில் சேராது. அந்தக் கோட்டைத் தெரிந்துகொண்டே வாதாடுங்கள்.

கணக்கையும் ஒளிக்காமல் சொல்கிறேன். சம்பளத்துக்கு வேலை செய்பவர் தன் கைக்காசில் செய்த இத்தகைய செலவுகள், 2024ஆம் ஆண்டுக் கணக்கில் 7,000 குரோனரைத் தாண்டினால்தான் மிச்சம் கழியும். 12,000 குரோனர் செலவென்றால் 5,000 கழியும். வரியில் அதன் கால் பங்கு அளவு மிஞ்சும். பதிவு செய்த சொந்தத் தொழில் உள்ளவருக்கோ முதல் குரோனரிலிருந்தே கழிவு. கம்பனி கம்பனியாய் அலைந்து ஒப்பந்தத்தில் உழைப்பவனுக்கு வரம்பு, பதிவு எண் வைத்திருப்பவனுக்கு வரம்பே இல்லை. இது நியாயமா? என் கணக்கில் இல்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைக் கேளுங்கள். ஆனால் சட்டம் மாறும்வரை இருப்பதையும் விட்டுவிடுவது வீரம் இல்லை, சோம்பல்.

“ஆயிரத்துச் சொச்சத்துக்கா இந்தப் பாடு?” என்று சிரிப்பவர்களைத் தெரியும். அந்தக் காசு பெரிதில்லைதான். ஆனால் உங்கள் அறிவு உங்கள் தொழில் கருவி என்று அரசாங்கத்தின் தாளில் பதிய வைக்கிறீர்களே, அது சிறிய காரியமா? உளி தீட்டிய கூலியைக் கணக்கில் எழுதாத தச்சன் உண்டா?

முதலில் முதலாளியிடமோ ஏஜென்சியிடமோ நிமிர்ந்து கேளுங்கள்: “இந்தப் பயிற்சிக்கு நீங்கள் கட்டுவீர்களா?” வேலை தொடர்பான பயிற்சிக்கு அவர்கள் கட்டினால் அந்தப் பணத்துக்கு உங்களிடம் வரி கேட்கமாட்டார்கள். தொழிலாளருக்கான அரசுப் பயிற்சி வகுப்புகளும் 1960இலிருந்தே இந்த நாட்டில் நடக்கின்றன. முதலாளியும் ஏஜென்சியும் கைவிரித்தால் அடுத்த கதவு வரித்திணைக்களம். அதன் இணையத்தளத்துக்குள் போங்கள். உங்கள் வரிக் கணக்கில் 58ஆம் கட்டத்தைப் பாருங்கள். ரசீது, வகுப்பின் பாடத்திட்டம், உங்கள் ஒப்பந்தம் மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். இந்தப் படிப்புக்கும் இந்த வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் நாலு வரியில் பதில் சொல்லத் தெரிய வேண்டும். டேனிஷ் தடுக்கினால் பிள்ளையைக் கூப்பிடுங்கள். பிள்ளை முன்னால் எழுத்துப் பிழைக்கு வெட்கப்படலாம், உரிமை கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். மறுத்து முடிவு வந்தால் மூன்று மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

பழைய ரசீதா? அதற்கும் வழி உண்டு. 2023ஆம் ஆண்டின் கணக்கைத் திறக்கச் சொல்லி 2027 மே 1 வரை கேட்கலாம். லாச்சியைத் திறவுங்கள்.