வரத்துக்காலும் மதகும்: சிக்கனம் பற்றிய பௌத்தப் பார்வை

உழைத்து ஈட்டிய பணமும் செலவைச் சுருக்கி மிச்சம்பிடித்த பணமும் மதிப்பில் ஒன்றுதானா என்ற கேள்விக்குப் பௌத்தம் இல்லறத்தாரை முன்வைத்தே விடை சொல்கிறது. புத்தரின் உரைகளைத் தொகுத்த அங்குத்தர நிகாயத்தில் உள்ள ஒரு சூத்திரத்தில், கோலிய குலத்துத் தீகஜாணு புத்தரிடம் வருகிறார். தாம் மனைவி மக்களோடு வாழ்பவர், காசிச் சந்தனம் பூசுபவர், பொன்னும் வெள்ளியும் புழங்குபவர் என்று ஒளிக்காமல் சொல்லி, தம்மைப் போன்றவர்கள் இம்மையிலும் மறுமையிலும் நலம் பெற வழி கேட்கிறார்.

இம்மைக்குப் புத்தர் நான்கைச் சொல்கிறார்: முயன்று பொருள் ஈட்டுதல், ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவுக்கு ஏற்ற வாழ்வு. ஈட்டுவதும் அளவாகச் செலவிடுவதும் இங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. காரணத்தைக் குளத்து உவமை காட்டுகிறது. குளத்துக்கு நான்கு வரத்துக்கால்கள், நான்கு மதகுகள். கால்களை அடைத்து மதகுகளைத் திறந்துவிட்டால், மழையும் பொய்த்தபின் குளம் வற்றும். காமம், குடி, சூது, தீயோர் நட்பு ஆகியவையே அந்த மதகுகள். திருக்குறளின் வலியறிதல் அதிகாரமும் வரும் வழி, போகும் வழி என்று இதே கணக்கைப் பேசுகிறது.

நிற்கும் நீரில், புதிதாக வந்தது எது, மதகை அடைத்ததால் தங்கியது எது என்று பிரித்தறிய முடியாது. மாதம் 20,000 ரூபாய் வரவும் 18,000 ரூபாய் செலவும் உள்ள வீட்டில் கூடுதலாக 1,000 ரூபாய் சம்பாதித்தாலும், செலவில் 1,000 ரூபாய் குறைத்தாலும் கையில் நிற்பது 3,000தான்.

ஆனால் சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. வயிற்றுப்பாட்டுக்கே வரவு பற்றாதவரிடம் அடைப்பதற்கு மதகே இல்லை. வரிசையில் முயற்சி முதலில் நிற்பது இதனோடு பொருந்துகிறது.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்பதையும் சூத்திரம் பிரித்துக் காட்டுகிறது. சிறு வரவில் ஆடம்பரமாக வாழ்பவர், சில பழங்களுக்காக அத்திமரத்தையே உலுக்கிக் கொட்டுபவரைப் போன்றவர். பெருவரவு இருந்தும் வாயைக் கட்டி வாழ்பவரோ பட்டினி கிடந்தவரைப் போலச் சாவார். இரண்டுக்கும் நடுவே, தராசு பிடிப்பவர் தட்டின் ஏற்ற இறக்கத்தை அறிவதுபோல வரவு செலவை அறிந்து வாழ வேண்டும்.

மிச்சம்பிடிப்பது எதற்காக என்பதை, துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் வினய பிடகத்தின் ஒரு நிகழ்ச்சி விளக்குகிறது. உதயண மன்னரின் அரசியர் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு 500 ஆடைகள் அளித்தனர். இத்தனையும் எதற்கு என்று மன்னர் கேட்டார். கிழிந்த ஆடை உடுத்திய துறவிகளுக்குப் பகிர்ந்து தரப்படும் என்றார் ஆனந்தர். பழைய ஆடைகள்? விரிப்பாகும். பழைய விரிப்பு மெத்தை உறையாகும். பழைய உறை தரைவிரிப்பாகும். அது நைந்தால் கால்துடைக்கும் துணி, பிறகு தூசி துடைக்கும் துணி. கடைசியில் அதையும் கிழித்துச் சேற்றோடு பிசைந்து தரை மெழுகுவார்கள். எதுவும் வீணாகவில்லை என்று கண்ட மன்னர், தாமும் 500 ஆடைகள் தந்தார்.

தீகஜாணுவுக்கு மறுமைக்காகச் சொல்லப்பட்ட நான்கில் ஈகையும் ஒன்று. மதகை அடைத்துத் தேக்கிய நீரும் பாய்ச்சுவதற்கே. ஈயும் கைக்கு, ஈட்டிய காசும் மிச்சம்பிடித்த காசும் ஒரே காசு.