மாஸ்டரின் முட்டி

நீல பெல்ட்டுக்குரிய சூங் குன் பேட்டர்னில் ஓரிடத்தில் உடலை மெல்லத் தாழ்த்தி, உள்ளங்கையால் அழுத்தித் தடுக்க வேண்டும். ஜாசின் பக்கத் தோட்டத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் பாதிவரை இறங்கி, அங்கேயே நின்றுவிட்டார்கள். கிரேடிங்குக்கு வந்த தேர்வாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மதிப்பெண் எழுத என்னை உட்கார வைத்திருந்தார்கள். அவர் சொன்ன குறைந்த மதிப்பெண்ணை எழுதினேன்; வாயைத் திறக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். மாஸ்டருக்கு முட்டித் தேய்மானம். அதற்கு மேல் அவரால் இறங்க முடியாது. பிள்ளைகள் அவரைப் பார்த்துத்தானே கற்கிறார்கள்? பதினொரு வயசு முட்டியில் அறுபது வயசு வலி.

ஃபேக்டரியில் இதற்குப் பதில் சுலபம். முந்தின பாகத்தை வைத்து அடுத்த பாகத்தை அளக்காதே, வரைபடத்திலிருந்து அள. ஆனால் பேட்டர்னுக்கு மூல வரைபடம் எது? சோய் ஹோங் ஹி 1962இல் தென்கொரியத் தூதராக மலாயாவுக்கு வந்தவர். இங்கே இருந்த காலத்திலும் பேட்டர்ன்களைச் செப்பனிட்டுக்கொண்டுதான் இருந்தார். 1980களில் கோ டாங்கை எடுத்துவிட்டு ஜூச்சேயை வைத்தார். சூங் குன்னில் 32 அசைவுகள். 1909இல் ஹார்பினில் இத்தோ ஹிரோபுமியைச் சுட்ட ஆன் சூங் குன், மறுவருடம் கொல்லப்பட்டபோது வயது 32 என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். நம் கணக்கில் 30தான். அன்று கொரியர்கள் பிறந்ததுமே ஒன்று என்று எண்ணி, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூட்டினார்கள். (கிரேடிங்கில் நான் 30 என்று சொல்லியிருந்தால் ஃபெயில்.)

அப்படியானால் மாஸ்டரின் பாதி இறக்கமும் ஒரு மரபாகிவிட்டுப் போகட்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை. சோய் யோசித்து மாற்றினார். மாஸ்டர் எதையும் மாற்றவில்லை, முடியாமல் நின்றார். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

நான் கற்ற காலத்தில் அவர் முழுசா இறங்குவார். லயத்துக்கு முன்னால் சிமெண்டுத் தரையில், காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். துரியான் துங்கலில் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்தபின் அவருக்குத் துணையாக நிற்கப் போனேன். இரண்டு வருஷமாக அந்த முட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அதை மரியாதை என்று நினைத்தேன். அந்த மரியாதைக்கு நான் ஒரு சென்னும் கொடுக்கவில்லை. பிள்ளைகள்தான் மதிப்பெண்ணாகக் கொடுத்தார்கள்.

அன்று ராத்திரி தே தாரிக் கடையில் அவரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் முட்டியையும் சேர்த்தா கத்துக்கிட்டானுங்க?"

"ஆமா மாஸ்டர்."

"சரி, இனிமே நான் நாற்காலில உட்கார்ந்துக்கிறேன். நீ செஞ்சு காட்டு." எழுந்தார். "இப்பவே ஒருவாட்டி செய், பார்ப்போம்."

கார் நிறுத்துமிடத்தில் ஸ்லிப்பரைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தேன். அந்த இடம் வந்தது. மெதுவாக இறங்கினேன். பாதியில் நின்றது.