தெத்துப்பல்லும் திருத்தத்தின் எல்லையும்

வாயை மூடும்போது மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசையைச் சற்றே மறைத்து நிற்க, கடைவாய்ப் பற்களின் மேடும் பள்ளமும் ஒன்றோடொன்று பொருந்துவது சீரான கடி. இப்பொருத்தம் பிசகினால் தெத்துப்பல், எத்துப்பல், கீழ்த்தாடை முந்திய கடி எனப் பல வடிவங்கள் உண்டாகும். பரம்பரையாக வரும் தாடை அளவு, நெடுநாள் விரல் சூப்புதல், பால்பல் சொத்தையாகி முன்னதாகவே விழுதல் ஆகியவை முக்கியக் காரணங்கள். இதைச் சீராக்குவது வைத்தியமா, படைப்பில் கைவைப்பதா என்பது சமயங்களும் எதிர்கொண்ட கேள்வி.

பௌத்த நூல்கள் மகாபுருஷனின் 32 இலட்சணங்களில் இடைவெளியற்ற சமமான பல்வரிசையைச் சேர்த்தன. காரைக்கால் அம்மையாரோ அழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர்; அவர் பாடிய ஆலங்காட்டுப் பேய்க்கு இரு பற்கள் நீண்டிருக்கும். ஒழுங்கான பல் மேன்மையின் அடையாளம் என்ற எண்ணத்தை அந்த உருவம் தலைகீழாக்குகிறது. இஸ்லாமிய சட்ட அறிஞர்கள் அழகுக்காகப் பல்லை அராவுவதை விலக்கி, குறையை நீக்கும் சிகிச்சையை ஏற்கிறார்கள். உடம்பைப் பேணுவது உயிரைப் பேணுவது என்கிறது திருமந்திரம்.

மருத்துவத்தின் அளவுகோலிலும் அழகு கலந்தே இருக்கிறது. 1899-ல் கடிப் பிசகை மூன்று வகையாகப் பிரித்த அமெரிக்கர் எட்வர்ட் ஆங்கிள், ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லை ஆதாரமாகக் கொண்டார். முக அழகுக்கு அவர் காட்டிய மாதிரி அப்போலோவின் சிலை. அந்த முகவெட்டு நீலகிரியின் தோடருக்கோ படுகருக்கோ பணியருக்கோ இலக்கணமாக வேண்டியதில்லை. மெல்ல முடிகிறதா, சொல் தெளிவாக வருகிறதா, இடுக்கில் பிரஷ் நுழைகிறதா, ஈறு காயப்படுகிறதா என்பவையே உறுதியான சோதனைகள். இவற்றில் தேறிவிட்ட தெத்துப்பல்லை நோய் என்று சொல்ல முடியாது. அதைத் திருத்துவது அவரவர் விருப்பம்.

குழந்தையின் விருப்பத்தை எப்படி அறிவது? ஏழு வயதளவில் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. வளரும் தாடையை நெறிப்படுத்தும் வாய்ப்பு பிறகு குறைந்துவிடும். மூச்சுக்கும் மெல்லுவதற்கும் இடையூறு என்றால் பெற்றோர் முடிவெடுக்கலாம். தோற்றம் மட்டுமே காரணமென்றால், பிள்ளை சொல்லத் தெரிந்த வயதுவரை காத்திருக்கலாம். பெரியவர்களுக்கும் கிளிப் போடலாம்: கம்பி அழுத்தும் பக்கம் எலும்பு கரைய, எதிர்ப்பக்கம் புதிதாக வளர, பல் மெல்ல நகர்கிறது. பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். பல் பழைய இடத்துக்கே திரும்பாதிருக்க, அதன்பின் ரிடெய்னர் அணிய வேண்டும். வளர்ச்சி நின்றபின் தாடையே பெரிதும் பிசகியிருந்தால் அறுவைசிகிச்சை தேவைப்படலாம்.

நீலகிரி மலையில், திருத்துவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. ஊட்டி கேரட்டை முழுதாகக் கடித்தால் பல்லில் ஒட்டிய பிராக்கெட் பெயர்ந்துவிடலாம். அரிந்துதான் தின்ன வேண்டும். பெயர்ந்தால் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். குன்னூரிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி மேட்டுப்பாளையம், கோவை என்று போய்வரும் தேயிலைத் தொழிலாளிக்கு, ஒவ்வொரு பயணமும் ஒருநாள் கூலி. அவர் பிள்ளையின் பல் கோணலாகவே நின்றால், அதை விதி என்றோ மனநிறைவு என்றோ சொல்லிவிடலாகாது. திருத்த வழியிருந்தும் வேண்டாம் என்பதுதான் தெரிவு. வழியே இல்லாமல் விடுவது இல்லாமை.