நட்பு என்னுடையது, வலை அவருடையது

தனக்கு இழைக்கப்பட்ட தீங்கை ஒருவன் மன்னிக்கலாம். கிறிஸ்தவன் மன்னிக்கவே வேண்டும். ஆனால் பிறனுக்கு இழைக்கப்பட்ட தீங்கை மன்னிக்க அவனுக்கு உரிமை உண்டா? கச்சதீவுப் பெருநாளுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் இக்கேள்வி என்னோடு கூடவே வருகின்றது.

என் இளைய சகோதரியை யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் ஒரு கடற்றொழிலாளருக்கு மணம் முடித்துக் கொடுத்தோம். அந்த உறவினால்தான் திருகோணமலைத் துறைமுகத்தடியில் வாழும் எனக்குக் கச்சதீவுப் பயணம் பழக்கமாயிற்று. 2013ஆம் ஆண்டுப் பெருநாளில் இராமேசுவரம் பக்கத்து மீனவர் ஒருவர் எங்களருகே பாய் விரித்திருந்தார். குடிநீர் இல்லாத தீவு அது. என் மகன் தண்ணீர் கேட்டு அழுதபோது, தம்மிடமிருந்த போத்தலைத் தயங்காமல் நீட்டினார். அன்று தொடங்கியது எங்கள் சிநேகிதம். அவர் என்னை "அண்ணே" என்பார். நான் "தம்பி" என்பேன். நத்தாருக்கும் உயிர்ப்புத் திருநாளுக்கும் தொலைபேசியில் பேசிக்கொள்வோம். அவருடைய மூத்த மகளின் பரீட்சைப் பெறுபேறு என் வீட்டில் கொண்டாடப்பட்டது.

இத்தகைய நட்புகள் கச்சதீவில் ஏராளம். 1974இல் இந்திய இலங்கை உடன்படிக்கையின்படி அத்தீவு இலங்கைக்கு உரியதாயிற்று. இந்திய யாத்திரிகர் கடவுச்சீட்டும் விசாவும் இன்றி அங்கு வரலாம் என்ற ஏற்பாடும் அதே உடன்படிக்கையில் இருந்தது. போர்க்காலத்தில் தடைப்பட்டிருந்த பெருநாள் 2010இல் மீண்டும் கூடியது. கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் அந்தோனியாரின் திருச்சொரூப பவனி, மறுநாட் காலைத் திருப்பலி. அத்துடன் படகுகள் இரு கரைக்கும் பிரிந்துவிடும். ஒரே மொழியில் மன்றாடியவர்கள் இரு நாட்டவராகி வீடு செல்வர்.

உலகில் எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. 1947இல் இரண்டாகப் பிளக்கப்பட்ட பஞ்சாபின் மக்கள் இரு புறத்திலும் ஒரே பஞ்சாபியைத்தான் பேசுகின்றனர். இந்தியாவில் அதைக் குர்முகியிலும் பாகிஸ்தானில் ஷாமுகியிலும் எழுதுவதால், ஒருவர் எழுத்தை மற்றவர் வாசிக்க இயலாமல் திகைப்பதுண்டு. 2019 நவம்பரில் சீக்கிய யாத்திரிகருக்காகக் கர்த்தார்பூர் பாதை விசாவின்றித் திறக்கப்பட்டபோது அது அவர்களுடைய கச்சதீவாயிற்று. பிரிவினையில் பிரிந்த சகோதரர் இருவர் 74 ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரியில், அங்கே கட்டியணைத்து அழுததை உலகமே பார்த்தது. 2025 மே மாதத்தில் இரு நாடுகளும் மோதிக்கொண்டபோது இந்தியா தன் பக்கத்தில் அப்பாதையை மூடிற்று. அங்கும் பேரப்பிள்ளைகள் நண்பராவது எளிதாயிருக்கின்றது. ஆனால் பாட்டனின் வீட்டை எரித்தவனை மன்னிக்கும் உரிமை பேரனுக்கு உண்டா?

எங்கள் வீட்டுக்கு இக்கேள்வி 2016இல் வந்தது. இரவில் கடலில் இட்டிருந்த மைத்துனரின் வலைகளை இந்திய றோலர்கள் இழுத்துச் சென்றுவிட்டன. காலையில் அவர் கையில் மிஞ்சியது சில பாகங்களே. புது வலைக்காக என் சகோதரியின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. அந்த ஆண்டும் நான் சிநேகிதரோடு சிரித்துப் பேசினேன். வலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நட்பைக் காப்பதாக எண்ணிக்கொண்டேன். மைத்துனர் அதைக் கவனித்திருக்கிறார். வீடு திரும்பியபின், "மச்சான், அவர் உங்கட சிநேகிதன். எனக்கு அவர் இரவில கடலில தெரியிற வெளிச்சம் மட்டும்தான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

றோலரின் பெருந்தொல்லை பாக்கு நீரிணைக் கரைகளுக்கே உரியது. திருகோணமலையிலிருக்கும் எனக்கு அந்நட்பால் ஒரு சதமும் நட்டமில்லை. என் பெருந்தன்மைக்கு விலை கொடுத்தவர் அவர்.

அக்கரையின் நியாயமும் எனக்குத் தெரியும். 1960களில் அரசே ஊக்கமளித்துப் பெருகச் செய்த விசைப்படகுகள் அவை. தம் பக்கத்துக் கடலடியைச் சுரண்டித் தீர்த்தபின், போரினால் எங்கள் மீனவர் இறங்க முடியாதிருந்த கடலுக்கு வந்து பழகிவிட்டன. 2009க்குப் பின் எங்களவர் கடலுக்குத் திரும்பியபோது அங்கே றோலர்கள் நின்றன. 2017இல் இலங்கை பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. அதே ஆண்டில் இந்தியா தன் விசைப்படகுகளை ஆழ்கடலுக்குத் திருப்பும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அது எதிர்பார்த்த வேகத்தில் நடக்கவில்லை. சிறைப்பட்ட கணவரையும் பறிபோன படகையும் எண்ணிக் கலங்கும் குடும்பங்கள் அங்கேயும் உண்டு. நாமும் சுத்தமானவர்கள் அல்லர்: திருகோணமலைக் கடலில் டைனமைட் வெடித்து மீன்பிடிப்பவர் அந்நியரா என்ன?

இவையெல்லாம் உண்மை. எனினும், அடகுக் கடையிலிருக்கும் தாலிக்கொடிக்கு இவை பதிலாகா. சக்கேயுவின் வீட்டில் ஆண்டவர் விருந்துண்டார், ஊரார் முணுமுணுத்தார்கள். ஆனால் சக்கேயு ஆண்டவரோடு மட்டும் கணக்கை முடித்துக்கொள்ளவில்லை. தான் ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தான். நட்பு என்பது நகைத்து மகிழ்வதற்கு மட்டுமன்று, நண்பன் வரம்பு மீறும்போது இடித்துரைப்பதற்கும் ஆகும் என்பது வள்ளுவர் கருத்து. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தேன்; கைக்கொள்ள நாற்பது ஆண்டு சென்றது.

2019இல் சிநேகிதரிடம் சொன்னேன். நெடுநேரம் மௌனமாயிருந்தார். "அண்ணே, போட்டு நம்மளுது இல்ல. நா போகலைன்னா வேற ஆளு போவான்" என்றார். சற்றுப் பொறுத்து, "அன்னிக்கு எங்க போட்டா இருக்காதுன்னு சொல்லணும்னு தோணுது. ஆனா எனக்கே தெரியல" என்றார். அதன்பின் பல மாதங்கள் அழைப்பே இல்லை. அந்த நத்தார் எங்கள் வீட்டில் சற்று வெறிச்சோடியே கழிந்தது. சொல்லியிருக்கக் கூடாதோ என்றும் எண்ணினேன். மீண்டும் அழைத்தபோது அவர் முதலில் கேட்டது என் மைத்துனரின் பெயரை. ஆறு ஆண்டுப் பழக்கத்தில் நான் அதைக்கூடச் சொல்லியிருக்கவில்லை.

2024இல் மீனவர் சிறைத்தண்டனையைக் கண்டித்து இராமேசுவரத்தார் பெருநாளைப் புறக்கணித்தனர். 2025 மார்ச்சில் மறுபடியும் வந்தனர், அவரும் வந்தார். மைத்துனரோ, "நான் அந்தோனியாரிட்டத்தான் வாறன், உங்கட ஆளிட்ட இல்லை" என்று சொல்லிக்கொண்டே படகேறியிருந்தார். பவனி முடிந்தபின் மூவரும் மணலில் அமர்ந்தோம். தேநீர் ஆறிப்போயிற்று. ஒருவரும் பேசவில்லை. கடைசியில் மைத்துனர், அவர் முகத்தைப் பாராமலே, "இரவில எத்தனை மணிக்கு மடி இறக்குவியள்?" என்று கேட்டார்.

சிநேகிதர் பதில் சொல்லத் தொடங்கினார். நான் எழுந்து பிள்ளைகளிருந்த பக்கம் போனேன்.