காணாத கோளும் கருதல் அளவையும்

கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை உண்டு என்று எப்போது துணியலாம் என்பது மெய்யியலின் பழைய வினா. உலகாயதர் காட்சி ஒன்றையே அளவையாக, அதாவது அறிவுக்கு வழியாக, ஏற்றனர். நியாயமும் சைவ சித்தாந்தமும் கருதலையும் ஏற்றன. மலையில் புகை கண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது கருதல். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள விடாத தொடர்பே அதன் அடிப்படை. இன்றைய வானியலில், பிற விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களின் ஆய்வு இதே வினாவை எழுப்புகிறது.

ஒரு கோள் தன் விண்மீனின் முன்னால் கடக்கும்போது விண்மீனின் ஒளி சிறிது மங்கும். கோள் தனித்துச் சுற்றினால் கடப்புகள் சம இடைவெளியில் நிகழும். மற்றொரு கோளின் ஈர்ப்பு குறுக்கிட்டால் அவை சிலமுறை முந்தும், சிலமுறை பிந்தும். இதுவே கடப்பு நேர மாறுபாடு. இரு கோள்களின் சுற்றுக்காலங்கள் 1:2 போன்ற எளிய விகிதத்தை நெருங்கினால் மாறுபாடு பெரிதாகும்.

கெப்ளர்-88 விண்மீனை ஏறத்தாழ 11 நாளுக்கு ஒருமுறை கடக்கும் கோளின் கடப்பு நேரம் 12 மணிநேரம் வரை மாறுகிறது. 2013-இல் டேவிட் நெஸ்வோர்னி குழுவினர் இதிலிருந்து, 22 நாள் சுற்றுக்காலமும் வியாழனில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு நிறையும் கொண்ட கோள் ஒன்று உண்டு எனக் கணித்தனர். அது விண்மீனின் முன்னால் கடந்ததாகப் பதிவில்லை. பின்னர் பிரான்சின் ஓத் புரோவான்ஸ் வானோக்ககத்தில் கோள்களின் ஈர்ப்பால் விண்மீன் அடையும் தள்ளாட்டத்தை அளந்தபோது கணிப்பு உறுதியானது.

உண்டு என அறிவதும் எத்தகையது என அறிவதும் வேறு. 2011-இல் கெப்ளர்-19 விண்மீனின் கோளில் ஏறத்தாழ 5 நிமிட மாறுபாடு தெரிந்தது. அக்கோளின் துணைக்கோள் அன்று, மற்றொரு கோளே காரணம் எனத் துணிய முடிந்தது; ஆனால் அதே மாறுபாட்டுக்குப் பல சுற்றுப்பாதைகள் பொருந்தின. அந்த மற்றொரு கோளின் பாதையும் நிறையும் 2017-இல் தள்ளாட்ட அளவீடுகளால்தான் தெளிவாயின.

கருதல் பிழைபடவும் கூடும். யுரேனசின் பாதைப் பிறழ்விலிருந்து பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணித்த இடத்துக்கு 1 பாகைக்குள், 1846-இல் நெப்டியூன் பெர்லினில் காணப்பட்டது. புதனின் பிறழ்வுக்கும் அவர் அதே முறையில் காணாத கோளைக் காரணமாகக் கருதினார். வல்கன் எனப் பெயரிடப்பட்ட அக்கோள் இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அப்பிறழ்வை விளக்கியது. இரண்டிடத்தும் கருதலின் வடிவம் ஒன்றே. புதனின் பிறழ்வுக்கு வேறு காரணம் இருந்தது. விடாத தொடர்பு அங்கே அறுந்தது.

கடக்கும் கோளும் நேரில் காணப்படுவதில்லை. காணப்படுவது ஒளி மங்கல் மட்டுமே. ஆகவே காட்சியை மட்டும் ஏற்போர்க்குப் புறக்கோள்களில் மிகப் பலவும் இல்லாதவையே. ஆனால் கருதல் காட்சியினும் தாழ்ந்ததன்று. வேறு காரணங்களை விலக்கி, வேறொரு வழியால் சோதிக்கத்தக்க கணிப்பைத் தந்து, அச்சோதனையில் நிலைக்கும் கருதல் முழு அறிவே. அதுவரை அது கருதுகோள்.