யாருக்கு யார் பாரம்?

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் ‘பாடு’ என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. ஏரியில் மீனும் இறாலும் எங்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. ஓரிடத்தில் வலை நிறையும். மற்றோரிடத்தில் வலையை வெறுமனே அலசிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். வலுத்தவனே நல்ல இடத்தை வளைத்துக் கொள்ளக் கூடாது என்பதற்காகச் சீட்டுப் போட்டு, முறை வைத்து வலை கட்டுகிறார்கள். இன்று நல்ல இடம் வாய்த்தவருக்கு நாளை வேறு இடம்.

தமிழில் ‘பாடு’ என்றால் துன்பம் என்றும் ஒரு பொருள் உண்டு. வரும்படியை முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்ளத் தெரிந்த மனிதன், துன்பத்தை மட்டும் ஏன் ஒருவர் தலையிலேயே கட்டி விடுகிறான்? அதிலும், தள்ளாத வயதில் இருப்போரின் பாட்டைச் சுமக்க வேண்டியவர் யார்?

2022ஆம் ஆண்டில் ஜப்பானில் ‘பிளான் 75’ என்றொரு திரைப்படம் வெளிவந்தது. ஹயகாவா சியே என்ற பெண்மணி இயக்கியது. 75 வயதைக் கடந்தவர்கள் விரும்பினால் உயிரை முடித்துக்கொள்ள அரசாங்கமே ஏற்பாடு செய்து தருவதாகவும், கடைசிச் செலவுக்கென்று கையில் ஒரு லட்சம் யென் கொடுப்பதாகவும் அதில் கற்பனை செய்திருக்கிறார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அதிகாரிகள் அன்பாகப் பேசுகிறார்கள். படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அதுதான் நெஞ்சை நடுங்க வைக்கிறது.

“அது ஜப்பான், அதுவும் வெறும் கதை” என்று நாம் ஒதுக்கிவிட முடியுமா? நம் தமிழகத்தின் தென் மாவட்டங்களில், குறிப்பாக விருதுநகர்ப் பகுதியில், ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரில் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்து மரணத்துக்கு அனுப்பும் கொடுமை இருந்து வந்ததை 2010ஆம் ஆண்டில் பத்திரிகைகள் எழுதின. இதை வைத்துப் பிரியா கிருஷ்ணசாமி எடுத்த படம், 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அந்தப் படத்தின் பெயர் ‘பாரம்’.

இப்படிச் செய்வோர் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: “அவர்களே போகத்தான் விரும்புகிறார்கள்.” அன்பர்களே, இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். முதியவர் ஒருவர் “நான் உங்களுக்குப் பாரமாகிவிட்டேன், அல்லாஹ் என்னை அழைத்துக்கொள்ள மாட்டானா?” என்று சொன்னால், அது அவருடைய விருப்பமா? அல்லது அந்த வீடு வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கு அவர் சொல்லும் பதிலா?

நம் இல்லங்களில் எண்ணெயும் இளநீரும் இல்லை. அல்ஹம்து லில்லாஹ்! ஆனால் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலை முடைவதில் பேர் பெற்றவர்கள். அப்படிப் பெட்டி முடைந்து பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு தாய். இப்போது பார்வை மங்கி மூலையில் கிடக்கிறார். முகத்துவாரம் மணலால் தூர்ந்து பிடிப்புக் குறைய, மகன் வேலை தேடிச் சென்னைக்குப் போய்விட்டான். மாதம் தவறாமல் பணம் வருகிறது. “உம்மா, சாப்பிட்டீர்களா?” என்று கேட்கும் குரல் மட்டும் வருவதில்லை. சோறு வருகிறது, அதை வைக்கும் தட்டின் ஓசையிலேயே சலிப்பும் சேர்ந்து வருகிறது.

திருமறையின் 17ஆம் அத்தியாயம் 23ஆம் வசனத்தில், முதுமையடைந்த பெற்றோரை நோக்கிச் ‘சீ’ என்றுகூடச் சொல்லலாகாது என்று அல்லாஹ் தடுத்திருக்கிறான். அந்தச் சலிப்பை வாயால் சொல்லாமல் முகத்தால் சொன்னால் மட்டும் தப்பிவிட முடியுமா?

முதுமையில் சிரமமே இல்லையென்று இஸ்லாம் கூறவில்லை. தாய் நம்மைச் சிரமத்துடன் சுமந்ததையும், சிரமத்துடன் பெற்றதையும் அதே திருமறை நினைவூட்டுகிறது. முதலில் சுமந்தவர் அவர்; இப்போது முறை நம்முடையது.

கணக்கையே மாற்றிக் காட்டினார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். வீரமிக்க சஹாபியான ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு, தம்மைவிட எளியவர்களைக் காட்டிலும் தமக்கு மேன்மை உண்டு என்ற எண்ணம் ஏற்பட்டது. பலவீனர்களின் பொருட்டால்தான் உங்களுக்கு வெற்றியும் வாழ்வாதாரமும் கிடைக்கின்றன என்று பெருமானார் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது. மூலையில் கிடக்கும் தாய்க்கு நாம் சோறு போடவில்லை. அந்தத் தாயை முன்னிட்டு நமக்குச் சோறு போடப்படுகிறது! அப்படியானால் யாருக்கு யார் பாரம்?

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்தப் பணிவிடை முழுவதும் மருமகள் தலையில் விழுகிறது. அவள் செய்வது நற்குணம். அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு. ஆனால் கடமை பெற்ற பிள்ளைகள் மீதல்லவா? மகன்களும் மகள்களும் பாடு போல முறை வைத்து அந்தக் கட்டிலருகே உட்கார்ந்தால், ஒருத்தியின் சலிப்பும் குறையும். தாயின் மனமும் குளிரும்.

பிள்ளைகளே இல்லாதவர்களுக்கு? ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், வாசலில் கையேந்தி நின்ற பார்வையற்ற யூத முதியவர் ஒருவரைக் கண்டார்கள். அவரது வாலிபத்தில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று கூறி, வரியை நீக்கி, பைத்துல்மாலிலிருந்து உதவி வழங்கச் செய்தார்கள். இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்களின் ‘கிதாபுல் கராஜ்’ இதைக் கூறுகிறது. மாற்று மார்க்கத்தவருக்கே இந்த நீதி என்றால், நம் மஹல்லாவின் முதியவர்களுக்கு?

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கைவிட்ட பிள்ளையிடமிருந்து பணத்தை அது வாங்கித் தரும்; பாசத்தை வாங்கித் தராது. ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் தனித்திருக்கும் முதியோரின் பட்டியலை எழுதட்டும். ஜும்ஆவுக்குப் பிறகு இருவர் வீதம் முறை வைத்துச் சென்று பார்க்கட்டும். கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அரை மணி நேரம் அருகில் அமர்ந்து பேசிவிட்டு வரட்டும்.

முதுமையும் ஒரு பாடுதான். ஆயுள் நீண்டால் அந்தச் சீட்டு நமக்கும் விழும். அன்று “என்னை அழைத்துக்கொள்” என்று அழும் நிலை நமக்கு வராதிருக்க, இன்று நம் வீட்டு மூலையில் அந்தக் குரல் எழாமல் பார்த்துக்கொள்வோம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்குரிய தௌபீக்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.