நிலைப்படியில் நின்றவள்

சென்ற வருஷம் ஒரு கல்லூரி மாணவி எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். பாராட்டாக இரண்டு வரி. பிறகு குறுக்கு விசாரணை. "ஐயா, உங்கள் கதைகளில் ஆண்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பெண்கள் நிலைப்படியில் நின்றே கேட்கிறார்கள். பதினொரு கதைகளில் எண்ணிவிட்டேன். இதற்கு என்ன அர்த்தம்? இன்னொரு கதையில் வரும் நீலக் குடை விடுதலைக்கு அடையாளம்தானே?"

எனக்குக் கோபம் வந்தது. நிலைப்படி என்றால் நிலைப்படி. குடை, மழைக்கு. கதை எழுதியவன் நானா, அவளா?

அவள் படிப்பது குறியியலாம். ஜெனீவாவில் ஸஸூர் என்ற பேராசிரியர் நடத்திய பாடங்களை, அவர் மறைந்த பிறகு 1916-ல் புத்தகமாக்கினார்கள். அதிலிருந்து கிளைத்த சாஸ்திரம். எந்தக் குறியும் தனியாக நின்று பொருள் தராது. மற்றக் குறிகளோடு வேறுபட்டு நிற்பதால்தான் பொருள் தரும் என்பது அதன் அஸ்திவாரம். நமக்கு இது அவ்வளவு அந்நியமும் அல்ல. உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் தொல்காப்பியம் பேசுகிறதே! குறிஞ்சி என்றால் கூடல், நெய்தல் என்றால் இரங்கல். ஆனால், அங்கே கவிஞனும் கேட்பவனும் ஒரே மரபை அறிந்தவர்கள். நான் அறியாமல் வைத்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாளி?

இந்தக் கேள்வியோடுதான் பால்ஸாக் 1830-ல் எழுதிய 'ஸராஸின்' கதையைப் படித்தேன். ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு விமரிசகர் 1970-ல் அந்தச் சிறிய கதையை 561 துண்டுகளாக நறுக்கி, ஐந்து வகைக் குறிகளாகப் பிரித்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஒரு துண்டுக்கு ஒரே அர்த்தம்தான் என்று அவர் கட்டிப்போடவில்லை.

கதை இதுதான். ஸராஸின் ஒரு சிற்பி. ரோமாபுரிக்குப் போனவன், மேடையில் பாடும் ஸாம்பினெல்லாவின் மேல் மோகம் கொள்கிறான். உடை, குரல், நாணம் எல்லாமே பெண்மையின் குறிகள். ஆனால் அந்த ஊரில் பெண்கள் மேடையேறக்கூடாது. குரலுக்காகச் சிறுவயதிலேயே காயடிக்கப்பட்ட ஆண்களே பெண் வேஷம் கட்டினார்கள். ஊரறிந்த சங்கதி, வெளியூரானுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது, பாடகரை ஆதரித்த கார்டினலின் ஆட்கள் அவனைக் கொன்றுவிட்டார்கள்.

குறியைத் தன் ஆசையால் மட்டும் படித்தவனுக்கு நேர்ந்த கதி அது. எச்சரிக்கைகள் இருந்தன; அவன்தான் அவற்றைத் தள்ளிவிட்டான். வாசகருக்கும் இது பாடம். நமக்குப் பிடித்த அர்த்தத்தைக் கதையின் மற்றப் பக்கங்களும் ஒப்புக்கொள்கின்றனவா என்று கேட்க வேண்டும். நீலக் குடை ஒரே ஒரு தடவைதான் வருகிறது. முன்னும் பின்னும் அதற்குச் சாட்சி இல்லை. அது வெறும் குடைதான்.

நிலைப்படியை அப்படித் தள்ள முடியவில்லை. பதினொரு தடவை! நாற்காலி எதிரே இருப்பதால்தான் நிலைப்படிக்கு அந்தப் பொருள் வந்திருக்கிறது. என் பழைய புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். பெண் சரியாகத்தான் எண்ணியிருந்தாள்.

என் தாயார் ஞாபகம் வந்தது. அப்பா வந்தவர்களோடு பேசும்போது, அம்மா காப்பியைக் கொடுத்துவிட்டு நிலையைப் பிடித்தபடி நிற்பாள். அவர் எதிரில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பார்த்ததைத்தானே எழுதினேன் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அவள் கால் வலித்திருக்குமே என்று ஒரு கதையிலாவது எழுதினேனா?

'நான் நினைக்கவில்லை' என்பது உண்மையாக இருக்கலாம். அது விடுதலைப் பத்திரம் ஆகாது. நினைத்து எழுதியது என் திறமை. நினையாமல் எழுதியதில்தான் நான் வளர்ந்த வீடு இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினேன்: "அம்மா, குடையை விட்டுவிடுங்கள். நிலைப்படி நான் வைத்ததல்ல. ஆனாலும் அங்கேதான் இருக்கிறது."

பிறகு ஒரு புதுக் கதை தொடங்கினேன். அவளை உட்காரச் சொன்னேன். எங்கே உட்காருவது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில்தான் இன்னும் நிற்கிறேன்.